பாஸ்வேர்டு சர்வர் வீட்டுல ஓடுது, நாம வீட்டுல இருக்கோமா?

போன மாசம் நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரு போஸ்டர் சுத்துச்சு, பார்த்திருப்பீங்க. “ஒரே மணி நேரத்தில் உங்கள் சொந்தப் பாஸ்வேர்டு மேனேஜர்! டாக்கர் கற்றுக்கொள்ளுங்கள்! சான்றிதழ் உண்டு!” நானும் போனேன். விஷயம் ஏற்கனவே தெரிஞ்சதுதான், ஆனா சமோசா தருவாங்க. சொல்லிக் கொடுத்த ஜூனியர் பையன் நல்லாவே பண்ணான். ஸ்கிரீன்ல ஒரு கமாண்ட் அடிச்சான், ஒரு நிமிஷத்துக்குள்ள வால்ட்வார்டன் லாகின் பக்கம் வந்துச்சு. எல்லாரும் கை தட்டினோம், குரூப் போட்டோ எடுத்தோம், கலைஞ்சோம்.

என் கருத்து என்னன்னா, நாங்க கை தட்டின இடத்துலதான் அந்த வகுப்பு ஆரம்பிச்சிருக்கணும். அந்தப் பையனைக் குறை சொல்ல இதை எழுதல. ஒரு வருஷம் முன்னாடி நானும் அதே கமாண்டை அடிச்சு, அதே மாதிரி எனக்கு நானே கை தட்டிக்கிட்டவன். அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லணும்னு தோணுது.

எங்க வீடு பட்டாபிராம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன லேத் யூனிட்ல சூப்பர்வைசர். 2025 பொங்கல் லீவுல, ஸ்கூல் டைம்ல வாங்கின பழைய லேப்டாப் ஒண்ணை எடுத்து, விண்டோஸைத் தூக்கிட்டு உபுண்டு போட்டு, டிவி ஸ்டாண்டுக்குக் கீழ வச்சேன். பேட்டரி உப்பிப் போயிருந்ததால அதைக் கழட்டிட்டேன். நேரா பிளக்ல ஓடும். இந்த ஒரு விவரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதுல ஏத்துனது வால்ட்வார்டன். தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். பிட்வார்டன்னு ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கு. எல்லா பாஸ்வேர்டையும் ஒரு பெட்டகத்துல போட்டு, ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டால பூட்டி வைக்கும். பூட்டுற வேலை உங்க போன்லயோ லேப்டாப்லயோதான் நடக்கும், சர்வருக்குப் போறது பூட்டின பெட்டி மட்டும். வால்ட்வார்டன் என்பது அதே பிட்வார்டன் ஆப்போட பேசத் தெரிஞ்ச, ரஸ்ட் மொழியில தனியா எழுதப்பட்ட ஒரு சர்வர். 2021 வரைக்கும் பிட்வார்டன் ஆர்எஸ்னு பேரு. ரொம்ப லேசானது. நாலு ஜிபி ரேம் இருக்கிற என் கிழட்டு லேப்டாப்ல அது ஓடுறதே தெரியாது.

எதுக்கு இந்த வேலை, கம்பெனிக்காரன் சர்வர்லயே வச்சுக்கலாமேன்னு கேட்பீங்க. நான் ஆரம்பிச்ச காரணம் லாஸ்ட்பாஸ். 2022 ஆகஸ்ட்ல அந்தக் கம்பெனிக்குள்ள ஒருத்தன் நுழைஞ்சான். டிசம்பர்ல கம்பெனியே ஒத்துக்கிட்டது: வாடிக்கையாளர்களோட பெட்டகங்களோட பேக்கப்பையே காப்பி பண்ணிட்டுப் போயிட்டான். பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்துச்சு. ஆனா எந்தெந்த வெப்சைட்டுக்கான பாஸ்வேர்டுங்கிற முகவரி பூட்டாமலே இருந்துச்சு. எல்லாரோட பெட்டியும் ஒரே குடோன்ல இருந்தா, குடோனைத்தான் குறி வைப்பான். என் பெட்டி என் வீட்டு டிவிக்குக் கீழ இருந்தா எவன் வரப்போறான்? இதுதான் என் வாதம். இப்பவும் இந்த வாதம் தப்புன்னு நான் நினைக்கல.

ஆனா அந்தக் கதையோட இன்னொரு பாதியை நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சேன். அவன் எப்படி அந்த பேக்கப் வரைக்கும் போனான் தெரியுமா? லாஸ்ட்பாஸ்ல அந்தச் சாவிகளைத் தொடக்கூடிய அனுமதி நாலு இன்ஜினியர்களுக்குத்தான் இருந்துச்சு. அதுல ஒருத்தரோட வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள போயிருக்கான். அந்தக் கம்ப்யூட்டர்ல பிளெக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருந்துச்சு, படம் பாட்டு எல்லாம் சொந்தமா சர்வர்ல வச்சுப் பார்க்கிறதுக்கு. அதுல இருந்த ஒரு ஓட்டைக்கு பிளெக்ஸ் 2020 மே மாசமே திருத்தம் கொடுத்தாச்சு. ரெண்டு வருஷம் அந்த மனுஷர் அப்டேட் பண்ணல. நடுவுல சுமார் 75 வெர்ஷன் போயிடுச்சுன்னு பிளெக்ஸ் சொன்னது. ஓட்டை வழியா உள்ள போய், கீ அடிக்கிறதைப் பதிவு பண்ற சாஃப்ட்வேரைப் போட்டு, மாஸ்டர் பாஸ்வேர்டைப் பிடிச்சுட்டான்.

யோசிச்சுப் பாருங்க. “கம்பெனியை நம்பாதே, சொந்தமா சர்வர் வை”ன்னு சொல்ல நாம எடுத்துக்காட்டுற அதே சம்பவம், ஒரு இன்ஜினியர் வீட்டுல அப்டேட் பண்ணாம விட்ட சொந்த சர்வர்ல இருந்துதான் வந்திருக்கு. அந்த இன்ஜினியர் நம்மளை விட ஆயிரம் மடங்கு தெரிஞ்சவரா இருப்பார். தெரியாமப் போனது பிரச்சனை இல்ல. வீட்டுல இருக்கிற பொருளை யாரும் திரும்பிப் பார்க்கிறது இல்ல.

இன்னொண்ணு நம்ம ஊர்க் கதை. ஜோஹோ நம்ம சென்னைக் கம்பெனி, நம்ம பேட்ச்லயே அங்க போகணும்னு ஆசைப்படுற ஆளுங்க பாதிப் பேர். அவங்களோட மேனேஜ்இன்ஜின் பிரிவு பாஸ்வேர்டு மேனேஜர் ப்ரோன்னு ஒண்ணு விக்குது. பெரிய நிறுவனங்கள் அதை வாங்கி சொந்த சர்வர்லயே நிறுவி, தங்களோட எல்லா சர்வர் பாஸ்வேர்டையும் அதுல வைப்பாங்க. 2022-ல அதுல ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிச்சாங்க. லாகின் பண்ணாமலே வெளியில இருந்து சர்வர்ல எந்த கமாண்டையும் ஓட்டலாம். ஜூன் மாசமே திருத்தம் வெளியிட்டாச்சு. செப்டம்பர்ல, இந்த ஓட்டையை வச்சு நிஜமாவே தாக்குதல் நடக்குதுன்னு அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பு சிசா தன்னோட பட்டியல்ல சேர்த்துச்சு. மூணு மாசம். அதுவே கம்பெனி கிளவுட்ல ஓடுற சர்வீஸா இருந்தா, கம்பெனி ஒரு தடவை திருத்தினா எல்லாருக்கும் சேர்த்துத் திருத்தினதா ஆயிடும். சொந்த சர்வர்ல ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு ஆள் எழுந்து போய்ப் பண்ணணும்.

இங்கதான் டாக்கர் நம்மளை ஏமாத்துது. இமேஜ் பேருக்குப் பின்னாடி “லேட்டஸ்ட்”னு இருக்கும். அதைப் பார்த்து, அதுவா புதுசாயிடும்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். இல்ல. நீங்க என்னிக்கு இழுத்தீங்களோ அன்னிக்கு எது லேட்டஸ்ட்டோ அதுதான் உங்க மெஷின்ல உட்கார்ந்திருக்கும். திரும்ப இழுத்து, கன்டெய்னரைத் திரும்ப எழுப்புற வரைக்கும் பழசுதான். 2025 ஜனவரி கடைசியில வந்த வால்ட்வார்டன் 1.33.0-ல பாதுகாப்புத் திருத்தங்கள் இருந்துச்சு. நான் பொங்கலுக்கு ஏத்தினேன், அதாவது அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. நான் அப்டேட் பண்ணது ஏப்ரல்ல. அதுவும் வேற எதுக்கோ உள்ள போனப்ப எதேச்சையா.

என் ஃபிரண்டு ஒருத்தன் கதை இதை விட மோசம். கன்டெய்னருக்குள்ள எழுதுறது எல்லாம் அந்தக் கன்டெய்னர் இருக்கிற வரைக்கும்தான், அதை அழிச்சா உள்ள இருக்கிறதும் போயிடும். அதனாலதான் டேட்டாவை வெளியில ஒரு ஃபோல்டர்லயோ வால்யூம்லயோ வைக்கச் சொல்றாங்க. அந்த வரியை அவன் விட்டுட்டான். ரெண்டு மாசம் அருமையா ஓடுச்சு. ஒரு நாள் “ஏதோ ஸ்லோவா இருக்கு மச்சான், அழிச்சுட்டுப் புதுசா போடுறேன்”னான். போட்டான். புது வீடு மாதிரி காலியா இருந்துச்சு. அவன் லேப்டாப் பிரவுசர்ல எல்லாமே பழைய மாதிரி சேவ் ஆகி இருந்ததால தப்பிச்சான். பாதுகாப்புக்காக அதையெல்லாம் அழிக்கணும்னு நினைச்சுட்டு சோம்பேறித்தனத்துல விட்டிருந்தான். சோம்பேறித்தனம் காப்பாத்தின ஒரே செக்யூரிட்டி சம்பவம் எனக்குத் தெரிஞ்சு இதுதான்.

சரி, என் கதைக்கு வரேன்.

நானே வச்சிருந்த வரைக்கும் பிரச்சனை இல்ல. பிப்ரவரியில அப்பா அம்மாவையும் அதுல சேர்த்தேன். அப்பா பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஒரு பழைய எல்ஐசி டைரியில எழுதி வச்சிருப்பார். பாதி அடிச்சுத் திருத்தி இருக்கும். “அப்பா, இது ரொம்ப டேஞ்சர்”னு லெக்சர் கொடுத்து, பி.எஃப்., இன்சூரன்ஸ், ஈபி, கேஸ், எல்லாத்தையும் பெட்டகத்துல ஏத்தினேன். டைரியை மாடி அட்டாலியில போட்டேன். (கிழிச்சுப் போடத்தான் நினைச்சேன், அம்மா விடல. அதுவும் நல்லதாப் போச்சு.)

நம்ம வீட்டு ஃபைபர் கனெக்‌ஷன் நிறைய வீடுகள்ல ஒரே பப்ளிக் ஐபியைப் பல பேர் பங்கு போட்டுக்கிறது. வெளியில இருந்து நேரா வீட்டு சர்வரைத் தொட முடியாது. அதனால டெயில்ஸ்கேல் போட்டேன். வெளி உலகத்துக்கு எந்தக் கதவும் திறக்காம, நம்ம போன்களும் சர்வரும் மட்டும் பேசிக்கிற ஒரு தனி நெட்வொர்க். பாதுகாப்புக்கு இதுதான் சரி, இப்பவும் எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன். ஆனா போன்ல அது விபிஎன்னா ஓடும். மேல சாவி படம் தெரியும். அப்பாவோட பேங்க் ஆப் விபிஎன் ஓடினா திறக்கவே மாட்டேங்குது. அவர் அதை ஆஃப் பண்ணுவார், பேங்க் வேலையை முடிப்பார், திரும்ப ஆன் பண்ண மறந்துடுவார். நான் வீட்டுல இருந்த வரைக்கும் ராத்திரி சாப்பிடும்போது போனை வாங்கி ஆன் பண்ணிக் கொடுப்பேன். அதைப் பிரச்சனைன்னே நான் கணக்குல எடுத்துக்கல.

ஜூன்ல இன்டர்ன்ஷிப்புக்கு பெங்களூர் போனேன். போய் ரெண்டாவது வாரம், காலைல பத்து மணிக்கு அம்மா போன். ஆயாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு, இன்சூரன்ஸ் கார்டு கேக்கிறாங்க, அப்பாவுக்கு அந்த ஆப் திறக்க மாட்டேங்குதாம். பதட்டத்துல அப்பா பின் நம்பரைத் தப்பா அடிச்சிருக்கார். அஞ்சு தடவை தப்பா அடிச்சா பிட்வார்டன் ஆப் முழுசா லாக்அவுட் பண்ணிடும். லாக்அவுட் ஆகாத வரைக்கும் சர்வர் செத்துக் கிடந்தாலும் போன்ல இருக்கிற காப்பியைப் பார்க்கலாம். லாக்அவுட் ஆயிட்டா உள்ள வர சர்வர் வேணும். நான் டெயில்ஸ்கேலை ஆன் பண்ணச் சொன்னேன். பண்ணார். அப்பவும் வரல.

முந்தின நாள் ராத்திரி மழை, கரண்ட் போய் வந்திருக்கு. எங்க வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல ஃபேனும் லைட்டும் மட்டும்தான், டிவி பாயின்ட் கிடையாது. லேப்டாப்ல பேட்டரியும் கிடையாது. அணைஞ்ச லேப்டாப் கரண்ட் வந்ததும் தானா எழுந்திருக்காது, யாராவது பட்டனை அமுக்கணும். வீட்டுல யாரும் இல்ல, எல்லாரும் ஆஸ்பத்திரியில. பக்கத்து வீட்டு அக்கா கிட்ட சாவி இருந்துச்சு. வீடியோ கால்ல “அக்கா, டிவிக்குக் கீழ ஒரு பழைய லேப்டாப் இருக்கும், அதோட வலது பக்கம் மேல...”ன்னு சொல்லி ஆன் பண்ண வச்சேன். டெயில்ஸ்கேல்ல மெஷின் பச்சையா வந்துச்சு. வால்ட்வார்டன் வரல. ஏன்னா கம்போஸ் ஃபைல்ல “மெஷின் திரும்ப எழுந்தா நீயும் எழுந்துக்கோ”ன்னு சொல்ற ரீஸ்டார்ட் வரியை நான் போடல. ஒரே ஒரு வரி. அஞ்சு மாசமா அந்த லேப்டாப்பை நான் ஒரு தடவை கூட ரீபூட் பண்ணிப் பார்க்கல.

ஆபீஸ் மாடிப்படியில உட்கார்ந்து, போன்ல டெர்மக்ஸ் இன்ஸ்டால் பண்ணி, உள்ள போய், கன்டெய்னரை எழுப்பினேன். மணி பன்னெண்டேகால். அதுக்குள்ள சித்தி தன் கார்டுல இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டாங்க. ஆயா இப்போ நல்லா இருக்காங்க, தினமும் மூணு சீரியல் பார்க்கிறாங்க. பெருசா எதுவும் நடக்கல. ஆனா அன்னிக்கு அப்பா என்னைத் திட்டல. “விடுடா தம்பி, டைரியை எடுத்துக்கிறேன்”னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா பரவாயில்ல.

அன்னிக்குப் போன நேரம் ரெண்டே கால் மணி. 2023 டிசம்பர் ஞாபகம் இருக்கா? மிக்ஜாம் புயல் மழையில நம்ம பக்கம் எத்தனை தெருவுல எத்தனை நாள் கரண்ட் இல்லாம இருந்துச்சு, டவர் இல்லாம இருந்துச்சு? அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள தண்ணி புகுந்து அப்பா யூனிட் மெஷின் எல்லாம் நனைஞ்சு, ஒரு வாரம் கழிச்சுத்தான் வேலைக்கே போனார். எங்க ஹால்ல முழங்கால் அளவு தண்ணி. டிவி ஸ்டாண்டோட கீழ் தட்டு எந்த உயரத்துல இருக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதைப் பார்த்த நானே ஒரு வருஷம் கழிச்சு சர்வரைக் கொண்டு போய் அங்கதான் வச்சிருக்கேன், பேக்கப்பை அதே லேப்டாப்போட இன்னொரு ஃபோல்டர்ல வச்சிருக்கேன்.

அதே அம்பத்தூர்ல 2023-லதான் என்டிடி கம்பெனி ஒரு பெரிய டேட்டா சென்டர் வளாகத்தைத் திறந்தது. கிளவுட் கிளவுட்னு நாம சொல்றது வானத்துல இல்ல, இந்த மாதிரி நம்ம ஊர்க் கட்டடங்களுக்குள்ளதான் இருக்கு. அந்தக் கட்டடத்துல ஜெனரேட்டர் இருக்கும், ஷிஃப்ட் போட்டு ஆள் இருப்பாங்க, கரண்ட் போனா எழுந்து ஓட ஒருத்தருக்குச் சம்பளம் இருக்கும். என் டிவி ஸ்டாண்டுல அந்த வேலையைப் பார்க்கிறது நான் மட்டும்தான்.

இதை எல்லாம் சொன்னா என் ஃபிரண்டு கேக்கிறான், “அப்போ கம்பெனிக்காரன்தான் சரின்னு சொல்ல வரியா? நீயே ஃப்ரீ சாஃப்ட்வேர் பத்திப் பக்கம் பக்கமா பேசுவே”ன்னு. நான் அதைச் சொல்லல. சொந்தமா சர்வர் வைக்கிறதுல நான் கத்துக்கிட்டது நாலு வருஷ சிலபஸ்ல கிடைக்கல. சர்டிஃபிகேட் ஏன் வேணும், எச்டிடிபிஎஸ் இல்லாம வால்ட்வார்டன் வெப் பக்கம் ஏன் ஓடவே மாட்டேங்குது, எஸ்க்யூலைட் ஃபைலை ஓடிட்டு இருக்கும்போது வெறுமனே காப்பி அடிச்சா ஏன் கெட்டுப் போகலாம், அதுக்குன்னே இருக்கிற பேக்கப் கமாண்டை ஏன் பயன்படுத்தணும், இதெல்லாம் நான் எந்தப் பரீட்சைக்கும் படிக்கல, ஆனா மறக்காது. எல்லாரும் ஒரு தடவையாவது பண்ணுங்க.

நான் எதிர்க்கிறது ஒரே ஒரு விஷயத்தை. நம்ம வீட்டு ஆளுங்களைக் கேட்காம அவங்களை அதுக்குள்ள ஏத்துறது. “உன் டேட்டா உன் கையில”ங்கிற வசனம் எனக்கு உண்மை. அப்பாவுக்கு அது உண்மை இல்ல. அவர் டேட்டா முன்னாடி டைரியில அவர் கையிலதான் இருந்துச்சு, நான் அதை எடுத்து என் கையில வச்சுக்கிட்டேன். அவருக்குப் பொறுத்தவரை கம்பெனி கையில இருந்து காப்பாத்தினது எதுவும் இல்ல, நான்தான் புதுக் கம்பெனி. கஸ்டமர் கேர் நம்பர் கூட இல்லாத கம்பெனி. பிட்வார்டன்ல எமர்ஜென்சி ஆக்சஸ்னு ஒரு வசதி இருக்கு, நமக்கு ஏதாவது ஆயிட்டா நாம சொல்ற ஆளுக்குக் குறிப்பிட்ட நாள் கழிச்சுப் பெட்டகம் திறக்கும். வால்ட்வார்டன்லயும் இருக்கு. ஆனா எனக்கே ஏதாவது ஆயிட்டா அந்தச் சர்வரை யார் ஓட்டுவா?

அதனால இப்போ இப்படி மாத்தி வச்சிருக்கேன். அப்பா, அம்மா ரெண்டு பேரும் பிட்வார்டனோட சொந்த கிளவுட்ல, இலவசக் கணக்குல. விபிஎன் சாவி படம் கிடையாது, டிவி ஸ்டாண்டு கிடையாது. லாஸ்ட்பாஸ் மாதிரி இதுலயும் நடக்கலாம். அதனால மாஸ்டர் பாஸ்வேர்டை நீளமா, அம்மாவுக்கு மட்டும் புரியிற அஞ்சு வார்த்தையா வச்சோம், பெட்டியைத் திருடிட்டுப் போனாலும் உடைக்கக் கஷ்டமா இருக்கட்டும்னு. அந்த அஞ்சு வார்த்தையும், இன்சூரன்ஸ் பாலிசி நம்பரும், ரெண்டு கவர்ல எழுதி ஒண்ணு பீரோவுல, ஒண்ணு சித்தி வீட்டுல. டைரி டேஞ்சர்னு லெக்சர் கொடுத்தவன் இப்போ பேப்பர்ல எழுதி வைக்கிறான்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறாங்க. ஆனா ரஷ்யாவுல இருக்கிற ஹேக்கர் எங்க பீரோவைத் திறக்க பட்டாபிராம் வரைக்கும் டிக்கெட் எடுத்து வரணும்.

என்னோடது மட்டும் வால்ட்வார்டன்ல. ரீஸ்டார்ட் வரி போட்டாச்சு. புதுசா யாரும் கணக்குத் திறக்க முடியாதபடி அந்த செட்டிங்கை அணைச்சாச்சு. ஞாயித்துக்கிழமை காலைல இமேஜைத் திரும்ப இழுக்கிறேன், இழுக்கிறதுக்கு முன்னாடி வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கிறேன். பேக்கப் பூட்டின ஃபைலா வீட்டுக்கு வெளியில ஒரு இடத்துக்குப் போகுது. மாசம் ஒரு தடவை ஃபிரண்டோட லேப்டாப்ல அந்த பேக்கப்பை வச்சு ஒரு புதுக் கன்டெய்னரை எழுப்பி, உள்ள போய், ஒரு பாஸ்வேர்டாவது திறக்குதான்னு பார்க்கிறேன். முதல் தடவை திறக்கல. ஃபோல்டர் பெர்மிஷன் தப்பு. திறந்து பார்க்காத வரைக்கும் அதுக்குப் பேக்கப்னு பேர் வைக்கக் கூடாதுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அடுத்த செமஸ்டர்ல அந்த ஒர்க்‌ஷாப்பைத் திரும்ப நடத்துறதா ஜூனியர் சொன்னான். ரெண்டாவது பாதியை நான் எடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன். லாகின் பக்கம் வந்து எல்லாரும் கை தட்டினதும், நான் போய் பிளக்கைப் பிடுங்குவேன். அதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், யார் பாஸ்வேர்டு திரும்ப வருதுன்னு பார்ப்போம். சமோசா அது முடிஞ்சதும்தான்.

ஜூலையில எனக்கு ஜாய்னிங், ஊரு இன்னும் சொல்லல. டிவிக்குக் கீழ இருக்கிற லேப்டாப்பை என்ன பண்றதுன்னு அம்மா கேட்டாங்க. எடுத்துட்டுப் போறேன்னு சொன்னேன். அந்த இடத்துல செட்டாப் பாக்ஸை வைக்கலாம்னு ஆயா சொல்றாங்க.